ஹன்லி நீர்மூழ்கி 1:24: குழாயில் கட்டியதைக் கலைத்துவிடலாமா?

ஈசூன் கப்பல்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். ஐந்து மாதமாக ஹன்லி நீர்மூழ்கியின் மாதிரியை 1:24 அளவில் கட்டிக்கொண்டிருக்கிறேன். கடையில் வாங்கிய செட் இல்லை, முழுக்கக் கைவேலை. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864 பிப்ரவரி 17 இரவு, சார்ல்ஸ்டன் துறைமுகத்துக்கு வெளியே ஹவுசடானிக் போர்க்கப்பலை மூழ்கடித்த படகு இது. போரில் எதிரிக் கப்பலை மூழ்கடித்த முதல் நீர்மூழ்கி. அன்றிரவே எட்டுப் பேரோடு அதுவும் மூழ்கிவிட்டது.

நிஜப் படகு ஏறக்குறைய 12 மீட்டர். 24ஆல் வகுத்தால் 50 சென்டிமீட்டர். சிங்கப்பூரில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டில் டிவிக்குக் கீழே இருக்கும் தட்டில் அளவாக உட்காரும்.

நான் முதலில் பார்த்தது வில்லியம் அலெக்சாண்டர் 1902இல் வெளியிட்ட வரைபடம். அந்தப் படகைக் கட்டியவர்களில் அவரும் ஒருவர். ஒரு பாய்லரை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, நடுவில் இரும்புப் பட்டை வைத்துத் தைத்ததாக அவர் எழுதியிருக்கிறார். பாய்லர் என்றால் குழாய்தானே என்று நினைத்து, ஜாலான் புசார் பக்கம் ஒரு ஹார்ட்வேர் கடையில் ஒன்றரை அங்குல பிவிசி குழாய் வாங்கினேன். வெளிவிட்டம் 48 மி.மீ. இரண்டு பக்கமும் மரக்கட்டையைச் செதுக்கிச் செருகினேன். அதன்மேல் பசைத்துளி வைத்து ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) தலைகள், மூன்று வாரம் தினமும் இரவு பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து வைத்தது.

போன வாரம்தான், 2000 ஆகஸ்டில் படகைக் கடலிலிருந்து தூக்கிய பிறகு எடுத்த படங்களைப் பார்த்தேன். மனசே சரியில்லை. அது பாய்லரே இல்லை. இந்த வேலைக்கென்றே இரும்புத் தகடு, அதாவது பிளேட் வெட்டி, வளைத்துக் கட்டிய படகு. முன்னும் பின்னும் மீன் மாதிரி ஒடுங்கிப் போகிறது. நீரின் இழுப்பைக் குறைக்க ரிவெட் தலைகளை வெளியே தெரியாமல் தட்டிச் சமமாக்கியிருக்கிறார்கள். வெடிகுண்டைத் தாங்கிய நீண்ட கம்பம் நான் வைத்த மாதிரி மூக்கின் மேலே இல்லை, அடியில் இருக்கிறது.

இதைப் புட்டி போட்டுச் சரிசெய்ய முடியுமா, இல்லை கலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவதா? ஒரு பக்கம் திறந்து உள்ளே ஆட்களையும் காட்ட வேண்டும் என்று ஆசை. ஐந்தாம் வகுப்பில் படிக்கும் மகள் அதற்காகத்தான் காத்திருக்கிறாள்.

தோ பாயோ 4:

அண்ணே, ஐந்து மாத உழைப்பு. கலைக்காதீங்க. ரிவெட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு, இரண்டு முனையிலும் கார் பட்டறையில் போடும் இரண்டு பாகப் புட்டியைக் கனமாகப் பூசி இழையுங்கள். கம்பத்தை இடம் மாற்றுவது அரை மணி நேர வேலை. தட்டில் வைத்து மூன்றடி தள்ளி நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

பழைய பிளேட்டர்:

தம்பி, நான் செம்பவாங் பக்கம் கப்பல் பட்டறையில் 31 வருஷம் பிளேட் வேலை பார்த்தவன். என் கருத்து, கலைத்துவிடுங்கள். மேலே எழுதியவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் இங்கே தப்பு புட்டியில் சரியாகிற தப்பு இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹன்லியின் குறுக்குவெட்டு வட்டம் இல்லை. உள் உயரம் சுமார் 1.2 மீட்டர், அகலம் சுமார் 1.07. உங்கள் அளவில் உயரம் 50 மி.மீ., அகலம் 45 மி.மீ. உங்கள் குழாய் இரண்டு பக்கமும் 48. அதாவது படகு தேவைக்கு மேல் தடித்தும், தேவைக்குக் குறைவாக உயர்ந்தும் நிற்கும். மூன்றடி தள்ளி நின்றால்தான் அது இன்னும் நன்றாகத் தெரியும். ரிவெட்டு கிட்டப் போனால்தான் தெரியும், உருவம் தூரத்திலேயே தெரிந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல வருஷமாக அந்தப் படகை யாரோ பழைய பாய்லரை ஒட்டுப்போட்டுச் செய்தது என்றே எல்லாரும் நம்பினார்கள். மேலே மணலும் சிப்பியும் சேர்ந்து கல்லாகப் படிந்திருந்ததை உளியால் கொத்தி எடுத்த பிறகுதான் அதன் பிளேட் வேலை முழுசாக வெளியே தெரிந்தது. 1863இல், கையால் ரிவெட் அடித்த காலத்தில், தலை தெரியாமல் சமமாக அடித்திருக்கிறார்கள். அந்த வேலை எவ்வளவு கஷ்டம் என்று பிளேட் வேலை செய்த எனக்குத் தெரியும். அதைக் குழாயில் காட்டக்கூடாது.

செய்யும் முறை இதுதான். 3 மி.மீ. பிளைவுட்டில் பக்கவாட்டு உருவத்தை முழு நீளத்துக்கு வெட்டுங்கள், அதுதான் முதுகெலும்பு. நடுப்பகுதியில் பிரேம்களை, அதாவது விலா எலும்பு மாதிரி நிற்கும் குறுக்குத் துண்டுகளை, தள்ளித் தள்ளி வைத்தால் போதும். முனைகள் ஒடுங்கும் இடத்தில் நெருக்கமாக, இரண்டு சென்டிமீட்டருக்கு ஒன்று வையுங்கள். உருவம் கெட்டுப்போவது எப்போதும் முனையில்தான். பிரேம்களுக்கு நடுவே பால்சா என்ற லேசான மரக்கட்டையை நிரப்பி, பிரேமின் விளிம்பு தட்டும் வரை இழைக்க வேண்டும். இழைக்கும்போது கண்ணை நம்பாதீர்கள். ஒவ்வொரு பிரேமுக்கும் அதன் பாதி உருவத்தில் அட்டையில் டெம்ப்ளேட் வெட்டி வைத்து, பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் கசிந்தால் அங்கே பள்ளம்.

அதன்மேல் 0.25 மி.மீ. ஸ்டைரீன் பிளாஸ்டிக் தாளைப் பிளேட் பிளேட்டாக ஒட்டுங்கள். ரிவெட்டுக்கு ஊசிமருந்து ஊசியின் கூர்முனையை அரத்தில் தேய்த்துத் தட்டையாக்கி, தாளின் மேல் வைத்து லேசாகத் திருகினால் ஒரு சின்ன வளையம் விழும். பிரைமர் அடித்த பிறகு சாய்வாக வெளிச்சம் பட்டால் மட்டும் தெரியும். அவ்வளவு தெரிந்தால் போதும். மழை பெய்த மறுமணி நேரத்தில் ஸ்பிரே பண்ணாதீர்கள், நம் ஊர் ஈரத்துக்குப் பெயின்ட் வெள்ளை பூத்துவிடும். நடைபாதையிலும் வேண்டாம், அடுத்த வீட்டுத் துணியில் போய்ப் படியும்.

உள்ளே ஆட்களை வைக்கப் போவதாகச் சொன்னீர்கள், அதில்தான் என் மனசு இருக்கிறது. கப்பலின் அடித்தளத்தில் இருக்கும் டபுள் பாட்டம் டேங்கில் மேன்ஹோல் வழியாக இறங்கி வேலை பார்த்தவன் நான். 1.2 மீட்டர் என்றால் நிமிர முடியாது. முழங்காலும் கழுத்தும் ஒன்றாக வலிக்கும். எங்களுக்குக் காற்றுக்குழாய் உண்டு, இறங்கும் முன் கேஸ் சோதனை உண்டு, வெளியே காவலுக்கு ஓர் ஆள் உண்டு. நீருக்குள் மூழ்கிய பிறகு அவர்களுக்கு இருந்தது ஒரு மெழுகுவத்தி. ஒரு சோதனையில் அது 25 நிமிடத்தில் அணைந்த பிறகும் கீழேயே இருந்து, மொத்தம் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடித்ததாக அதே அலெக்சாண்டர் எழுதியிருக்கிறார். அதற்கு முன்பே இரண்டு முறை மூழ்கி 13 பேரைப் பலிகொண்ட படகு அது. தெரிந்துதான் இறங்கினார்கள். அதனால் பொம்மைகளை நேராக உட்கார வைக்காதீர்கள். முதுகு வளைந்திருக்கட்டும், தலை குனிந்திருக்கட்டும்.

செம்பவாங் கரையில் நின்று ஜொகூர் நீரிணையைப் பார்க்கும்போது எனக்கு 1945 ஜூலை 31 ஞாபகம் வரும். எக்ஸ்இ-3 என்ற குட்டி நீர்மூழ்கியில் நான்கு பேர் வந்து ஜப்பானின் தக்காவோ கப்பலுக்கு அடியில் புகுந்தார்கள். அதில் ஒருவர் வெளியே நீந்திப்போய், கப்பலின் அடியில் ஒட்டியிருந்த சிப்பிகளைச் சுரண்டிவிட்டுக் கண்ணிவெடி ஒட்டினார். ஹன்லி முடிந்ததும் அதையும் கட்டுங்கள், நம் வாசலில் நடந்தது.

ஈசூன் கப்பல்காரன்:

ஐயா, நேற்று ராத்திரி இதை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். காலையில் குழாயை அறுத்துவிட்டேன். தோ பாயோ அண்ணனுக்கும் நன்றி, என் உழைப்பை நினைத்துச் சொன்னீர்கள்.

ஒரு சந்தேகம். படகை ஓட்ட ஏழு பேர் கையால் சுற்றும் கிராங்க், ஏழு கைப்பிடி உள்ள அச்சு. பித்தளைக் கம்பியை வளைத்து வளைத்துப் பார்க்கிறேன். மூன்றாவது கைப்பிடிக்குள் அச்சு கோணிவிடுகிறது, ஏழாவது வரும்போது நாய்வால் மாதிரி ஆகிவிடுகிறது.

சிம் லிம் சால்டர்:

வளைக்கவே கூடாது. ஒரே நேர்க்கம்பியை முழு நீளத்துக்கு எடுங்கள், 1.5 மி.மீ. பித்தளை போதும். பட்டைப் பித்தளையில் 14 சிறிய தகடுகள் வெட்டி, பதினான்கையும் ஒன்றின்மேல் ஒன்றாக இறுக்கிப் பிடித்து, இரண்டு துளையும் ஒரே தடவையில் போடுங்கள். அப்போதுதான் இடைவெளி எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கும். கைப்பிடிக்கு இரண்டு தகடு வீதம் நேர்க்கம்பியில் கோத்து, மேல்துளையில் கைப்பிடித் துண்டைச் செருகி, எல்லாவற்றையும் ஈயம் வைத்துப் பற்றவையுங்கள். ஆறிய பிறகு, ஒவ்வொரு ஜோடித் தகட்டுக்கும் நடுவில் இருக்கும் நேர்க்கம்பித் துண்டை மட்டும் சிறு ரம்பத்தால் அறுத்தெடுங்கள். மீதி அச்சு கடைசிவரை ஒரே கோட்டில் நிற்கும். அவசரப்பட்டு முதலிலேயே அறுத்துவிடாதீர்கள்.

இடமும் முக்கியம். கிராங்க் நடுவில் வராது. ஆட்கள் ஒரு பக்கப் பெஞ்சில் வரிசையாக இருப்பார்கள், அச்சு எதிர்ச்சுவரை ஒட்டிப் போகும்.

ஈசூன் கப்பல்காரன்:

இரண்டு வாரம் ஆகிறது, நிலவரம் சொல்கிறேன். முதுகெலும்பு வெட்டியாகிவிட்டது, பதினோரு பிரேம் நின்றுவிட்டது. கிராங்க் இரண்டாவது முயற்சியில் நேராக வந்தது. கம்பம் 16 அடி என்று கணக்கு வைத்து 203 மி.மீ. வெட்டினேன். கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. 135 பவுண்டு கருமருந்து அவர்களிடமிருந்து அவ்வளவு தூரத்தில்தான் இருந்திருக்கிறது.

மகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். படகின் தளபதி டிக்சனின் எலும்புகளோடு 2001இல் ஒரு 20 டாலர் தங்கக் காசு கிடைத்தது. 1862இல் ஷைலோ போரில் அவர்மேல் பட்ட குண்டை அந்தக் காசு தடுத்தது. குண்டு பட்டு வளைந்திருக்கிறது, 'என் உயிர்காப்பான்' என்று அதில் அவர் பொறித்து வைத்திருந்தார். நிஜக் காசு 34 மி.மீ., நம் அளவில் 1.4 மி.மீ. மிச்சமிருந்த பித்தளைக் கம்பியின் முனையைச் சற்றுத் தேய்த்துச் சீவி எடுத்து, சிறு குறடால் நடுவில் வளைத்திருக்கிறாள். உப்புத்தாளில் மெருகேற்றும்போது இரண்டு தடவை தெறித்துப்போய், தரையில் டார்ச் அடித்துத் தேடினோம். சட்டைப் பைக்குள் வைத்துப் பொம்மையை ஒட்டிவிட்டால் வெளியே தெரியாது என்று சொன்னேன். பரவாயில்லை, அது அங்கே இருக்கணும் என்றாள்.

ஐயா, மூக்குப் பக்கம் கடைசி இரண்டு பிரேமை இன்னும் ஒட்டவில்லை. படத்தை இன்றிரவு போடுகிறேன், ஒடுக்கம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.