விவாகரத்துக்குப் பிறகு தூக்கமும் இல்லை, ரத்த அழுத்தமும் ஏறுகிறது: தொடர்பு உண்டா?

கேள்வி: காசிமேட்டுப் பெண்

எனக்கு வயது 43. பரஸ்பர சம்மதத்தின் பேரில் விவாகரத்து கிடைத்து நான்கு மாதங்கள் ஆகின்றன. இருவரும் பேசி முடிவெடுத்துத்தான் நீதிமன்றத்துக்குப் போனோம். ஆகவே, உடம்பு இப்படிப் படுத்தும் என்று நான் நினைக்கவே இல்லை. மீன்பிடித் துறைமுகத்துக்கு ஐஸ் லாரிகள் போகத் தொடங்கும் மூன்று மணிக்கு விழிப்பு வந்தால், பிறகு கண் மூடுவதில்லை. இரண்டு ஆழாக்கு அரிசி களைந்து பழகிய கை இன்னும் அதே அளவைத்தான் எடுக்கிறது. மிஞ்சியதில் நீர் ஊற்றி வைத்து, மறுநாள் பழைய சோறும் கருவாடுமாக ஒருவேளையோடு நாளைக் கழித்துவிடுகிறேன். எடை 6 கிலோ குறைந்திருக்கிறது. சென்ற வாரம் ரத்த அழுத்தம் 152/96 என்று காட்டியது. அம்மா கண் திருஷ்டி என்கிறார். அண்ணியோ, நானாகத் தேடிக்கொண்டது என்கிறார். இது விவாகரத்தால் வந்ததா, வேறு நோயா?

பதில் 1: ஓய்வுபெற்ற செவிலியர், தண்டையார்பேட்டை

சகோதரி, தொடர்பு உண்டு. 1967இல் ஹோம்ஸ், ராஹே என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் வாழ்க்கை நிகழ்வுகளுக்கு மன அழுத்த மதிப்பெண் கொடுத்தபோது, துணையின் இறப்புக்கு 100, அடுத்ததாக விவாகரத்துக்கு 73 என்று வைத்தார்கள், சிறைவாசத்துக்கே 63தான். சம்மதத்தோடு பிரிந்தாலும் அன்றாடம் குலைந்துபோவது உடம்புக்குத் தெரியும். அப்போது கார்ட்டிசோல், அட்ரினலின் ஆகிய மன அழுத்த ஹார்மோன்கள் கூடுதலாகச் சுரந்து, இதயத் துடிப்பை ஏற்றி, ரத்த நாளங்களைச் சுருக்குகின்றன. உறக்கத்தில் இயல்பாக இறங்க வேண்டிய அழுத்தம், மூன்று மணிக்கே விழித்துக்கொள்கிறவருக்குச் சரியாக இறங்குவதில்லை. எனவே முதலில் தூக்கத்தைக் கவனியுங்கள்.

ஆனால் எல்லாப் பழியையும் விவாகரத்தின் மேல் போட்டுவிடாதீர்கள் என்பதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எடைக் குறைவும் தூக்கமின்மையும் தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் வரும். எடைக் குறைவு சர்க்கரை நோயிலும் வரும். உங்கள் வயதில் மாதவிடாய் நிற்கப்போகும் காலத்து மாற்றங்களும் தூக்கத்தைக் கெடுக்கும். இவற்றுக்கு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஒரே ஒரு முறை பார்த்த அளவை வைத்து உயர் ரத்த அழுத்தம் என்று முடிவு செய்ய மாட்டார்கள். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு, வெவ்வேறு நாட்களில் பார்க்க வேண்டும். கருவாட்டை நிறுத்துங்கள். நம் பகுதியில் இதைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், ஆனாலும் அதில் இருக்கும் உப்பு அழுத்தத்தை ஏற்றும்.

பதில் 2: வியாசர்பாடி வாசகர்

என் கதை வேறு. வழக்கு மூன்றாண்டு இழுத்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கு முந்தைய இரவும் நெஞ்சு அடைப்பது போலிருக்கும், ஆனால் ஈ.சி.ஜி.யில் ஒன்றும் இல்லை என்பார்கள். உண்மையான சேதம் தீர்ப்புக்குப் பிறகுதான் நடந்தது. காலையில் காபியோடு சர்க்கரை மாத்திரையையும் மனைவிதான் எடுத்து வைப்பார் என்பதே, ஓராண்டு கழித்து, பாதி கூடத் தீராத அட்டையைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. மாலையில் குடியும் சேர்ந்துகொண்டது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) 9.4 விழுக்காட்டுக்குப் போயிருந்தது. ஆண்கள் இதை டீக்கடையில்கூடப் பேசுவதில்லை. கடைசியில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு, ஓர் இரவு அழைத்தேன். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசினார்கள். தூங்க முடியாத நேரத்தில் நீங்களும் அழைக்கலாம், அம்மா.

பதில் 3: பெரம்பூர் நூலகர்

இணையத்தில் தேடினால் உங்களைப் பயமுறுத்தக்கூடிய ஒரு ஆய்வு கண்ணில் படும் என்பதால், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 2015இல் வெளியான அந்த அமெரிக்க ஆய்வு, 15,827 பேரை 1992 முதல் 2010 வரை தொடர்ந்து கவனித்தது; மணவாழ்வில் நீடித்த பெண்களைவிட, ஒருமுறை விவாகரத்தான பெண்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு 24 விழுக்காடு கூடுதல் என்றது. இது ஒரு பெருங்கூட்டத்தின் சராசரியே அன்றி, உங்களுக்கான ஜாதகம் அல்ல. மேலும், கசந்துபோன மணவாழ்வும் உடலைக் கெடுக்கும். பிரிந்த பிறகு உடல் தேறியவர்களும் உண்டு. உங்களுக்கு முன்பே அழுத்தம் இருந்ததா என்று பழைய மருத்துவச் சீட்டுகளைப் பாருங்கள். உங்கள் அண்ணியின் பேச்சு மருத்துவமும் அல்ல, நியாயமும் அல்ல.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. பழைய சீட்டைத் தேடிப் பார்த்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே 140/90 என்று எழுதியிருக்கிறது, யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை, நானும்தான். இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் 146/92 இருந்தது. தைராய்டுக்கும் சர்க்கரைக்கும் ரத்தம் கொடுத்திருக்கிறேன். வியாழக்கிழமை மறுபடியும் அழுத்தம் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள்.