பையன் பேன்ட் பாக்கெட்ல ஒரு சிகரெட்... யாரு பழக்கி விட்டாங்கன்னு எப்படி கண்டுபிடிக்கறது?

ஈரோட்டம்மா:

வணக்கம்ங்க. ரொம்ப நாளா இங்க படிக்க மட்டும்தான் செஞ்சிட்டிருந்தேன், முதல் தடவையா எழுதறேன். பையன் பிளஸ் ஒன், 16 வயசு. போன சனிக்கிழமை மெஷின்ல போடறதுக்கு பேன்ட் பாக்கெட்டை திருப்பினா ஒரே ஒரு சிகரெட், நோட்டுல கிழிச்ச பேப்பர்ல சுத்தி வச்சிருக்கான், கூடவே ரெண்டு ஹால்ஸ். எனக்கு கையெல்லாம் நடுங்கிப்போச்சுங்க. கேட்டா "என்னுது இல்லம்மா, பிரெண்டு வச்சிருக்க சொன்னான்"னு மூஞ்சியை பார்க்காம சொல்றான். டியூஷன் மாத்தினதுல இருந்துதான் இந்த செட்டு, முடிஞ்சதும் முக்குல இருக்கற பேக்கரியில அரை மணி நேரம் நின்னுட்டுதான் வீட்டுக்கு வர்றான். அந்த செட்டுல எவன் பழக்கி விட்டிருப்பான்னு தெரிஞ்சா அவங்க அம்மாகிட்ட போய் பேசிரலாம்னு இருக்கேன், இல்ல டியூஷனையே நிறுத்திரலாமா? அவங்கப்பாகிட்ட இன்னும் சொல்லல. அவரும் சிகரெட் அடிப்பார்ங்க, ஆனா மொட்டை மாடிக்கு போய்தான், பசங்க முன்னாடி ஒரு நாளும் கிடையாது. சொன்னா பெல்ட்டை எடுத்துருவாரோன்னு பயமா இருக்கு.

கடைசி பெஞ்ச்:

அக்கா நான் காலேஜ் செகண்ட் இயர், நானும் இதே மாதிரி டியூஷன் செட்டுல ஆரம்பிச்சவன்தான், அதனால சொல்றேன். எவனும் பழக்கி விட்டிருக்க மாட்டான். இந்தாடா அடிடான்னு வாயில திணிக்கறதெல்லாம் நடக்காது. ஒரு தம்மை நாலு பேர் அடிப்பானுங்க, ரெண்டு இழுப்பு இழுத்துட்டு பக்கத்துல இருக்கறவனுக்கு பாஸ் பண்ணுவான், வேணாம்னா அடுத்தவனுக்கு போயிடும், அவ்ளோதான். நான் முதல் ரெண்டு வாரம் டீ மட்டும் குடிச்சிட்டு நின்னேன், ஒருத்தன் கூட ஒண்ணும் சொல்லல. ஆனா பேச்சு எல்லாம் கடைக்கு பின்னாடி சந்துல நடக்கும் அக்கா, எவன் எவளுக்கு மெசேஜ் பண்ணான், சார் மாடல்ல எந்த சம் குடுப்பாரு, யாரை வாட்ஸ்அப் குரூப்ல இருந்து தூக்கினாங்க, எல்லாம் அங்கதான். டீ கிளாஸோட முன்னாடி நிக்கறவனுக்கு சிரிப்பு சத்தம் மட்டும் கேக்கும், எதுக்கு சிரிக்கறானுங்கன்னு தெரியாது. அதுக்காக பின்னாடி போனேன். முதல் இழுப்புல இருமி கண்ணுல தண்ணி வந்துருச்சு, ஒருத்தன் முதுகுல தட்டி "சரியாயிடும் மச்சி"ன்னான். அதுவரைக்கும் என்னை அவன் மச்சின்னு கூப்பிட்டதே இல்ல.

பிளஸ் டூ முடிஞ்சதும் செட்டு கலைஞ்சு ஆளுக்கு ஒரு ஊர் போயிட்டோம். நான் மட்டும் ஹாஸ்டல் பாத்ரூம்ல தனியா நின்னு அடிச்சிட்டிருக்கேன். விடணும்.

பொட்டிக்கடைக்காரன்:

தங்கச்சி, மதுரையில கடை வச்சிருக்கேன், 22 வருசமா இந்த யாவாரம்தான். திட்டணும்னா திட்டிக்கோங்க. 2003லயே சட்டம் வந்துருச்சு, 18 வயசுக்கு கீழ இருக்கறவனுக்கு விக்கக் கூடாது, பள்ளிக்கூடத்துல இருந்து 100 கெஜத்துக்குள்ள விக்கவே கூடாது. மாட்டினா அபராதம் 200 ரூபா, அதுக்கு எவன் பயப்படுவான். 2015 சிறார் நீதி சட்டத்துல பிள்ளைகளுக்கு புகையிலை குடுத்தா 7 வருசம் வரைக்கும் உள்ள போகணும்னு இருக்கு, ஆனா அது பாதி கடைக்காரனுக்கு தெரியாது.

விசயம் எங்க இருக்குன்னா லூஸ்ல. பாக்கெட்டாத்தான் விக்கணும்னு சொல்லிட்டா டியூஷன் பையன் எவனும் கடைப்பக்கம் வர மாட்டான், கையில அவ்வளவு துட்டு இருக்காது. ஒண்ணு, ரெண்டுன்னு உதிரியா குடுக்கறதாலதான் நாலு பேர் சேர்ந்து சில்லறை போட்டு வாங்கறானுவ. இன்னொண்ணு, 2016ல இருந்து பாக்கெட்டுல ரெண்டு பக்கமும் 85 சதவீதம் புண்ணு படம் போடுறான்ல, அந்த படத்தை தினமும் பாக்குறது நான்தான். பெட்டி என் கையில இருக்கு, பையன் கைக்கு வெள்ளையா ஒண்ணு மட்டும் போகுது.

எங்க கடையில சின்ன பையன் வந்தா நான் குடுக்கறதில்ல. ஆனா "அப்பா வாங்கிட்டு வரச் சொன்னாரு"ம்பான். போன் போட்டு கேட்டா அப்பனே "ஆமாண்ணே நான்தான் அனுப்பினேன், குடுத்து விடுங்க"ங்கறான்! ஏழாவது படிக்கற பையனுக்கு பிராண்டு பேரு, அதுல சின்னது பெருசு, எல்லாம் அத்துப்படி. அவன் பதினொண்ணாவது வந்து தனக்கே கேக்கும்போது வாய் ஏன் கூசப்போகுது.

நேர்மை நாகராஜன்:

இதெல்லாம் செல்லம் குடுக்கறதால வர்றது. எங்கப்பா பெல்ட்டால வெளுத்த வெளுப்புல எனக்கு ஜென்மத்துக்கும் புத்தி வந்துச்சு.

கடைசி பெஞ்ச்:

உடனே விட்டுட்டீங்களா அண்ணே?

நேர்மை நாகராஜன்:

34 வயசுல விட்டேன். கல்யாணத்துக்கு அப்புறம்.

பள்ளி டீச்சர்:

:) நாகராஜன் சார், நீங்களே பதில் சொல்லிட்டீங்க. அடி வாங்கினவன் ஒளிச்சு அடிக்கக் கத்துக்கறான்.

ஈரோட்டம்மா, அரசு மேல்நிலைப்பள்ளியில 14 வருஷமா இருக்கேன். அந்த இன்னொரு அம்மா வீட்டுக்கு தயவுசெஞ்சு போயிடாதீங்க. அவங்களும் இதே நேரம் "எவனோ ஒருத்தன் என் பையனை கெடுத்துட்டான்"னு உங்க பையனை நினைச்சு உக்காந்திருக்கலாம், எங்க ஸ்கூல்ல ரெண்டு அம்மாக்கள் ஹெச்எம் ரூம்லயே கத்திக்கிட்டாங்க, ரெண்டு பசங்களும் வெளிய பெஞ்ச்ல ஒண்ணா உக்காந்து சிரிச்சிட்டிருந்தானுங்க. டியூஷனை நிறுத்தினாலும் அடுத்த டியூஷனுக்கும் ஒரு பேக்கரி இருக்கும்.

கிளாஸ்ல நான் ஒண்ணு கேப்பேன், நம்ம வயசு பசங்கள்ல 100க்கு எத்தனை பேர் அடிப்பாங்கன்னு. அம்பது, அறுபதுன்னு கத்துவானுங்க. 2019ல நாடு முழுக்க ஸ்கூல்கள்ல எடுத்த இளையோர் புகையிலை சர்வேல 13லேர்ந்து 15 வயசுக்குள்ள ஏதாவது ஒரு வகையில அப்ப புகையிலை பயன்படுத்திட்டு இருந்தவங்க 8.5 சதவீதம், அதுல ஹான்ஸ் மாதிரி வாயில போடறதும் சேர்த்தி. உங்க பையனுக்கு ஒரு வயசு கூடுதல்தான், இருந்தாலும் பாதி கிளாஸ்லாம் கிடையாது. ஆனா அடிக்கற அஞ்சு பேர் முக்குல நிக்கறாங்க, கண்ணுல படறாங்க, அடிக்காத மீதிப்பேர் பஸ் ஏறி வீட்டுக்கு போயிடறாங்க, அதனால "எல்லாரும் அடிக்கறாங்க"ன்னு மனசுல பதிஞ்சு போகுது. சினிமாவும் சும்மா இல்ல, ரஜினி தூக்கிப்போட்டு வாயில பிடிச்ச காலத்துல பென்சிலை வச்சு பிராக்டீஸ் பண்ணாத பையன் எங்க தெருவுல இல்ல. இப்ப ஹீரோ பத்த வச்சா கீழ ஒரு எச்சரிக்கை வரி ஓடும், எவன் கீழ பார்க்கறான்.

அப்புறம் ஒண்ணு, கோவிச்சுக்காதீங்க. மாடிக்கு போய் அடிச்சா பையனுக்கு தெரியாதுன்னு நினைக்கறது நாம மட்டும்தான். வேலை டென்ஷன்னா அப்பா மாடிக்கு போவார், வாய்ச்சண்டைன்னா மாடிக்கு போவார், இறங்கி வரும்போது அமைதியா இருப்பார். இதை அவன் பத்து வருஷமா பார்த்துட்டிருக்கான். அதனால அவர்கிட்ட சொல்லுங்க, பையனுக்கு முன்னாடி அவர் பேசணும். சிகரெட் பாக்கெட்லயே 1800-11-2356ன்னு ஒரு இலவச நம்பர் இருக்கு, விடறவங்களுக்கு போன்லயே உதவி பண்றாங்க. ஹாஸ்டல் தம்பி, உனக்கும்தான் சொல்றேன். நிறுத்தின முதல் ரெண்டு மூணு நாள்தான் ரொம்ப படுத்தும், அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா குறையும்.

ஈரோட்டம்மா:

எல்லாருக்கும் நன்றிங்க. டீச்சர், கோவமெல்லாம் இல்ல, ராத்திரி பூரா அதையேதான் நினைச்சிட்டிருந்தேன்.

இன்னிக்கு அவர்கிட்ட சொல்லிட்டேன். பையன் ரூம்ல இருக்கும்போதே அந்த சிகரெட்டை எடுத்து டேபிள் மேல வச்சேன். அவர் கத்துவார்னு நினைச்சேன்ங்க, கத்தல. கையில எடுத்து திருப்பி திருப்பி பார்த்தார். அவர் அடிக்கற அதே பிராண்டு. சட்டையில இருந்து பாக்கெட்டை எடுத்து எண்ணிட்டு, "ரெண்டு மாசமா ஒண்ணு குறையுது, நான்தான் மறந்துட்டு அடிச்சிட்டேனோன்னு நினைச்சேன்"னார். பேக்கரியில இல்லீங்க, எங்க வீட்டு ஆணியில மாட்டின சட்டையில இருந்துதான் போயிருக்கு.

அப்புறம் பையனை கூப்பிட்டார். எனக்கு அடிவயிறு கலங்கிருச்சு, பெல்ட்டுதான்னு. "மேல வா, பேசணும்"னு மட்டும் சொல்லிட்டு மாடிக்கு போயிட்டார், பாக்கெட்டை டேபிள் மேலயே விட்டுட்டு. போய் முக்கா மணி நேரம் ஆச்சு, இன்னும் ரெண்டு பேரும் இறங்கல. தோசை மாவு வெளியவே இருக்கு, நான் படிக்கட்டுல உக்காந்து இதை டைப் பண்ணிட்டிருக்கேன்.