ஒக்கி ஆய்வு: குழு உரையாடலா, தனி நேர்காணலா?
எல்லாருக்கும் வணக்கம். எம்.ஏ. சமூகவியல் ஆய்வேட்டுக்காக, 2017 ஒக்கி புயலில் கணவரை இழந்த பெண்களைக் கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை பக்கம் சந்தித்து வருகிறேன்.

குழுவாக உட்கார்ந்தால் பேச்சு களைகட்டுகிறது; ஒருவர் விட்டதை இன்னொருவர் எடுத்துக்கொடுக்கிறார். ஆனால் நிவாரணப் பணத்தை வீட்டில் யார் வைத்திருந்தார்கள் என்று கேட்டதும் மருமகள் மாமியார் முகத்தைப் பார்க்கிறார், அதோடு சரி. தனியாகக் கேட்டால் அதே பெண் மனம்விட்டுப் பேசுகிறார். என்ன, ஒரு மணி நேரப் பதிவை எழுதி முடிப்பதற்குள் பொழுதே போய்விடுகிறது, அதுவும் மலையாளம் கலந்த கடற்கரைப் பேச்சு!

என் ஆய்வு நெறியாளரின் கேள்வி வேறு: "இந்தச் சில பேரை வைத்து மாவட்டத்துக்கே எப்படிப் பொதுவாகச் சொல்வாய்?" புதுத் தகவல் வராத கட்டம்வரை பேட்டி எடுத்தேன் என்று ஆய்வுமுறை இயலில் எழுதினால் போதுமா? களப்பணி செய்தவர்கள் சொல்லுங்களேன்.