உதவி: ‘ப்ராப்பர்லி’யை எங்கே வைப்பது?

துவாஸ் நைட் ஷிஃப்ட்:
எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில், துவாஸில் ஒரு யார்டில் சேஃப்டி வேலை. ஷிஃப்ட் முடிந்ததும் ஆங்கிலத்தில் ரிப்போர்ட் எழுத வேண்டும். நேற்று ‘வீ செக்ட் ப்ராப்பர்லி த ஹார்னஸ்’ என்று எழுதினேன். மேனேஜர் ப்ராப்பர்லியைச் சுழித்துக் கடைசிக்கு அம்புக்குறி போட்டுவிட்டார். சரி, எல்லாம் கடைசியில்தான் போல என்று இன்று ‘தே வேர் ஹெல்மெட்ஸ் ஆல்வேஸ்’ என்று எழுதினால், அதையும் முன்னால் இழுத்துவிட்டார்! என்னதான் கணக்கு?

தோ பாயோ டீச்சரக்கா:
தம்பி, ‘ஹார்னஸை ஒழுங்காகச் சோதித்தோம்’ என்று தமிழில் வினையை ஒட்டியே சொல்லிப் பழகிவிட்டோம். ஆங்கிலத்தில் வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவே இதை நுழைத்தால் இடிக்கும். எப்படிச் செய்தோம் என்பது பொருளுக்குப் பின்னால்: ‘வீ செக்ட் த ஹார்னஸ் ப்ராப்பர்லி’. ஆல்வேஸ், யூஷுவலி, நெவர் எல்லாம் எவ்வளவு அடிக்கடி என்று சொல்பவை. அவை வினைக்கு முன்னால்: ‘தே ஆல்வேஸ் வேர் ஹெல்மெட்ஸ்’. இஸ், ஆர், வாஸ் வந்தால் மட்டும் அதற்குப் பின்னால்: ‘த கேட் இஸ் ஆல்வேஸ் ஓபன்’. மஸ்ட், ஹேவ் போன்ற துணைவினை இருந்தால் அதைத் தாண்டி உட்காரும்: ‘தே மஸ்ட் ஆல்வேஸ் வேர்’.

கோப்பி ஓ கோசோங்:
‘ஐ ஈட் ஆல்ரெடி’யை விட்டுவிட்டீர்களே அக்கா! கோப்பிக்கடையில் அப்படிச் சொன்னால்தான் நம்மூர் ஆள். ரிப்போர்ட்டில் மட்டும் ‘வீ ஹேவ் ஆல்ரெடி செக்ட்’ என்று எழுது தம்பி. ஆல்ரெடி கடைசியில் வந்தாலும் பரவாயில்லை, ஹேவ் விட்டுப்போகக் கூடாது.

துவாஸ் நைட் ஷிஃப்ட்:
நன்றி அக்கா, நன்றி அண்ணே. அப்புறம் இந்த ‘ஒன்லி’?

தோ பாயோ டீச்சரக்கா:
உங்கள் வேலையில் அதில்தான் கவனம் வேண்டும். ‘ஒன்லி த சூப்பர்வைசர் கேன் ஓபன் த வால்வ்’ என்றால் சூப்பர்வைசரைத் தவிர யாரும் தொடக் கூடாது. ‘த சூப்பர்வைசர் கேன் ஒன்லி ஓபன் த வால்வ்’ என்றால் அவர் திறக்கத்தான் முடியும், மூட முடியாது என்றும் படிக்கலாம். தமிழில் ‘மட்டும்’ சொல்லுக்குப் பின்னால் ஒட்டும். ஆங்கிலத்தில் எதை ‘மட்டும்’ என்கிறோமோ, ஒன்லியைப் பெரும்பாலும் அந்தச் சொல்லுக்கு முன்னால் வைக்க வேண்டும்.

துவாஸ் நைட் ஷிஃப்ட்:
ஐயோ, வால்வ் பக்கத்தில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ் நான் எழுதியதுதான். இதோ போய்ப் பார்க்கிறேன்.