பழைய காருக்கு 12,000 டாலர் தருவதாக வந்த கடிதம்: இது நல்ல விலையா?

திருச்சிப்பெண்:
அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கனடாவுக்கு வந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. சென்ற வாரம் கார் விற்கும் டீலர் ஒருவரிடமிருந்து எங்கள் முகவரிக்கு ஒரு கடிதம் வந்தது. எங்கள் காரின் மாடலையும் ஆண்டையும் குறிப்பிட்டு, அந்த வகைக் கார்கள் தங்களுக்கு அவசரமாகத் தேவைப்படுகின்றன என்றும், 12,000 டாலர் வரை தருவோம் என்றும், கடன் மீதி இருந்தால் அதையும் தாங்களே அடைத்துவிடுவோம் என்றும் அச்சிட்டிருந்தார்கள். எனக்கு இது எட்டாவது மாதம். குழந்தையோடு போய்வரப் பெரிய வண்டி ஒன்று இருந்தால் நல்லது என்று சனிக்கிழமை அங்கே போனோம். மதிப்பிட்டுப் பார்க்க என்று எங்கள் சாவியை வாங்கிக்கொண்டு போனவர்கள், இரண்டு மணி நேரம் கழித்துத்தான் திருப்பிக் கொடுத்தார்கள். பழைய காரின் கடனுக்கு இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 185 டாலர் கட்டுகிறோம், புது வண்டிக்கு இனி 210 டாலர் கட்டினால் போதும் என்றார்கள். 1,000 டாலர் முன்பணம் கொடுத்திருக்கிறோம், செவ்வாய்க்கிழமை வண்டியை எடுக்க வேண்டும். நேற்றிரவு தாள்களைப் பார்த்த என் கணவர் தூங்கவே இல்லை, கணக்கு எங்கோ இடிக்கிறது என்கிறார். 12,000 டாலர் நல்ல விலையா, இல்லையா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்காபரோ 94:
தங்கச்சி, பழைய வாகனத்தை டீலரிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். நான் 1994ஆம் ஆண்டு மார்கழியில் ரொறன்ரோவுக்கு வந்தேன். மூன்று ஆண்டுகள் கழித்து என் முதல் காரை மாற்றப் போனபோது, அதைப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்த ஒருவர் கியர்பொக்ஸ் முடிந்துவிட்டது என்று சொல்லி 500 டாலருக்கு எடுத்துக்கொண்டார். எனக்கு அப்போது ஆங்கிலமும் குறைவு, எதிர்த்துக் கதைக்கும் துணிவும் குறைவு. மூன்று வாரம் கழித்து அதே இடத்தின் வாசலில் என் கார் 3,900 டாலர் விலையோடு நின்றது. என் மகள் பின்கண்ணாடியில் ஒட்டிய மயில் படத்தைக்கூட அவர்கள் கழற்றியிருக்கவில்லை. அந்த 3,400 டாலர் வித்தியாசம் அன்றைக்கு எனக்கு ஏறக்குறைய மூன்று மாதக் கூலி. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த மயில் படம் எனக்கு மறக்கவில்லை. நீங்களே நேராக ஒருவருக்கு விற்றுவிடுங்கள். மாகாண அரசின் சேவை மையமான சர்வீஸ் ஒன்ராறியோவில் 20 டாலர் கட்டி வாகனத் தகவல் பொதியை வாங்கி, வாங்குகிறவரிடம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். வாகனம் ஓடத் தகுதியானது என்று காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ் எடுப்பதாக இருந்தால் அது 36 நாள்களுக்கு மட்டுமே செல்லும் என்பதால், ஆள் கிடைத்த பிறகு எடுங்கள்.

வரவுசெலவு:
அண்ணா பட்ட நட்டம் உண்மை, ஆனால் நேராக விற்பதே எப்போதும் லாபம் என்ற முடிவுக்கு நான் உடன்பட மாட்டேன். ஒன்டாரியோவில் டீலரிடம் பழைய காரைக் கொடுத்துவிட்டு வேறு கார் வாங்கும்போது, இரண்டு விலைகளுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டுமே எச்எஸ்டி என்னும் 13 சதவீத விற்பனை வரி விழுகிறது. 12,000 டாலருக்குப் பழைய காரைக் கொடுத்தால் வரியில் மட்டும் 1,560 டாலர் மிஞ்சுகிறது. அதாவது, வெளியில் 13,560 டாலருக்கு விற்றால்தான் அந்த 12,000க்குச் சமம். ஆகவே டீலர் 12,000 தருகிறார் என்றால் யோசிக்காமல் கொடுத்துவிடலாம் என்பது என் கருத்து. பழைய காரின் சந்தை நிலவரத்தைக் கனடியன் பிளாக் புக் இணையதளத்தில் கட்டணமில்லாமல் பார்க்கலாம். டீலர்களும் அதைத்தான் பார்க்கிறார்கள்.

கல்கரித் தமிழன்:
எந்த மாகாணம் என்று கேள்வி கேட்டவர் சொல்லவே இல்லையே. எங்கள் ஆல்பர்ட்டாவில் 5 சதவீத வரி மட்டும்தான், ஆகையால் மேலே சொன்ன கணக்கு இங்கே அந்த அளவுக்கு உதவாது. எதுவானாலும் அஞ்ச வேண்டாம், கையெழுத்திட்டிருந்தாலும் பத்து நாள்களுக்குள் ரத்து செய்துவிடலாம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நாங்கள் வந்த முதல் குளிர்காலத்தில் கழித்தல் முப்பது டிகிரியில் பேருந்துக்கு நின்று, அந்தத் துன்பம் தாங்காமல் முதலில் கண்ணில் பட்ட காரை வாங்கினோம். அவசரத்தில் இருப்பவனின் முகத்தை விற்பனையாளர் ஒரு பார்வையிலேயே படித்துவிடுகிறார்.

மார்க்கம் அம்மா:
அந்தச் சாவி விஷயத்தைப் படித்ததும் எனக்கு நெஞ்சு படபடத்தது. எங்களுக்கும் அதுவேதான் நடந்தது. எழுந்து போகலாம் என்று நினைத்தாலும் கார் அவர்களிடம், ஓட்டுநர் உரிமம் அவர்களிடம், கைக்குழந்தை அழுகிறது. அதைவிட மனம் வலித்தது வேறொன்று. எங்களிடம் பேசியவர் தமிழர். ஊர் கேட்டார், சொந்தம் கேட்டார், பிள்ளைக்குப் பேர் கேட்டார், "அக்கா, உங்களுக்காக மேலாளரிடம் சண்டை போட்டு 1,000 டாலர் கூட்டியிருக்கிறேன்" என்றார். கூட்டிய ஆயிரம் வண்டியின் விலையில் ஏறியிருந்ததை வீட்டுக்கு வந்த பிறகுதான் கண்டோம். நம் மொழி பேசுகிறவரிடம் தாளை வாங்கி வரி வரியாகப் படிப்பது மரியாதைக் குறைவு என்று நினைத்து நான் படிக்காமல் விட்டேன்.

ஸ்காபரோ 94:
நீங்கள் சொல்வது சரி, அம்மா. அந்நியரிடம் இரண்டு முறை கேட்கிற கேள்வியை நம்மவரிடம் ஒருமுறைகூடக் கேட்கமாட்டோம். புதிதாக வந்தவர்களின் தலையில் இப்படிக் கடனை ஏற்றுகிறவர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

நிதிமேசை:
இந்தத் தங்கைக்குச் செவ்வாய்க்கிழமை வரைதான் நேரம் இருக்கிறது, ஆகவே பேச்சை அவர் கேள்விக்குத் திருப்புகிறேன். நான் ஒன்டாரியோவில் ஒரு கார் விற்பனை நிலையத்தின் நிதிப் பிரிவில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தவன்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்த வேண்டும். ஒன்டாரியோவில் டீலரிடம் கார் வாங்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு, மனம் மாறிவிட்டது என்பதற்காக மட்டும் ரத்து செய்யும் கால அவகாசம் கிடையாது. பத்து நாள் என்பது வீட்டு வாசலுக்கு வந்து விற்பவர்களோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம் போன்றவற்றுக்கு உள்ளது, டீலரின் இடத்துக்குப் போய்க் கார் வாங்கியவருக்கு அது பொருந்தாது. அதை நம்பி நாள்களைக் கடத்திவிடாதீர்கள்.

அடுத்தது, 12,000 நல்ல விலையா என்ற கேள்வி. அந்த ஒரு எண்ணைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு யாராலும் பதில் சொல்ல முடியாது. நாங்கள் வாடிக்கையாளர் முன் வைத்த தாளில் நான்கு கட்டங்கள் இருக்கும்: வண்டியின் விலை, பழைய காரின் விலை, முன்பணம், தவணை. வாடிக்கையாளர் எந்தக் கட்டத்தைப் பிடித்துக்கொள்கிறார் என்று பார்த்து, அதை அவர் மனம் நிறையும்படி எழுதிவிட்டு, விட்டுக்கொடுத்ததை மற்றக் கட்டங்களில் எடுத்துக்கொள்வதுதான் எங்களுக்குக் கற்றுத்தரப்பட்ட தொழில். பழைய காருக்கு அதிகம் கேட்பவருக்கு அதிகம் எழுதுவோம், புது வண்டியின் விலை ஏறும். தவணையை மட்டும் பார்ப்பவருக்குத் தவணையைக் குறைப்போம், கடன் ஐந்தாண்டிலிருந்து எட்டாண்டாகும். 'வரவுசெலவு' சொன்ன வரிக் கணக்கு சரியானதுதான், ஆனால் வண்டியின் விலை ஏறாமல் இருந்தால் மட்டுமே அந்த மிச்சம் உங்கள் கைக்கு வரும்.

தங்கையே, இவற்றைச் சொல்லுங்கள். எந்த மாகாணம்? ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டீர்களா? பழைய காரின் கடனில் இன்னும் எவ்வளவு மீதி? புது வண்டி விளம்பரத்தில் என்ன விலைக்கு இருந்தது, ஒப்பந்தத்தில் என்ன விலை எழுதியிருக்கிறார்கள், மொத்தம் எத்தனை மாதம்?

திருச்சிப்பெண்:
மன்னிக்கவும், பதற்றத்தில் எதையும் சரியாக எழுதவில்லை. நாங்கள் ஒன்டாரியோவில், மிசிசாகாவில் இருக்கிறோம். இருவரும் கையெழுத்திட்டுவிட்டோம். பழைய கடன் மீதி 14,600 டாலர். விளம்பரத்தில் 23,995 டாலர் என்று இருந்தது, ஒப்பந்தத்தில் 26,480 என்று இருக்கிறது. பாதுகாப்புத் தொகுப்பு 1,490, நிர்வாகக் கட்டணம் 995 என்று இரண்டு வரிகள் இருக்கின்றன. அந்தத் தொகுப்பு எல்லா வண்டிக்கும் கட்டாயம் என்றார்கள். வட்டி 9.99 சதவீதம், 96 மாதம். கடிதத்தையும், விளம்பரத்தை அன்று கைப்பேசியில் எடுத்த படத்தையும் வைத்திருக்கிறேன். பழைய கடனை அவர்களே அடைப்பதாகத்தானே எழுதியிருந்தார்கள்?

நிதிமேசை:
அடைக்கிறார்கள், ஆனால் உங்கள் பணத்தில். கணக்கைப் பாருங்கள். 26,480இலிருந்து 12,000 போக 14,480. அதற்கு 13 சதவீத வரி 1,882 டாலர் 40 காசு. அதோடு பழைய கடன் 14,600ஐயும் சேர்த்து, உங்கள் முன்பணம் 1,000ஐக் கழித்தால், புதிய கடன் 29,962 டாலர் 40 காசு. விளம்பரத்தில் 23,995 டாலருக்கு இருந்த வண்டிக்காகப் பழைய காரையும் கொடுத்துவிட்டு ஏறக்குறைய 30,000 டாலர் கடன் வாங்குகிறீர்கள். எட்டாண்டில் 210 டாலர் வீதம் 208 தவணை கட்டினால் 43,680 டாலர் ஆகிறது. இரண்டு வாரத்துக்கு 25 டாலர்தான் கூடுதல் என்று சொல்லப்பட்டதற்குப் பின்னால் இருப்பது இதுதான்.

பழைய காருக்கு உண்மையில் கிடைத்ததும் 12,000 இல்லை. விலையில் ஏற்றிய 2,485ஐக் கழித்தால் 9,515தான். கடன் அதைவிட 5,085 டாலர் அதிகம். அந்தப் பள்ளம்தான் சத்தமில்லாமல் புதிய கடனுக்குள் போயிருக்கிறது.

ஆனாலும் நீங்கள் வெறுங்கையோடு நிற்கவில்லை. ஒன்டாரியோவில் பதிவுபெற்ற டீலர் விலையைக் குறிப்பிட்டு விளம்பரம் செய்தால், எச்எஸ்டியும் உரிமக் கட்டணமும் தவிர, தாம் வசூலிக்கப்போகும் எல்லாக் கட்டணங்களும் அந்த விலைக்குள்ளேயே இருக்க வேண்டும். நிர்வாகக் கட்டணத்தை அதன்மேல் ஏற்ற முடியாது. தொகுப்பு கட்டாயம் என்று சொல்லியிருந்தால் அதுவும் விலைக்குள் இருந்திருக்க வேண்டும். நீங்கள் எடுத்து வைத்த அந்தப் படம்தான் உங்கள் வலுவான சான்று, அதை இன்றே வேறொரு இடத்திலும் சேமித்து வையுங்கள்.

அடுத்து, 2002ஆம் ஆண்டின் ஒன்டாரியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறாக வழிநடத்தும் கூற்றை நேர்மையற்ற நடைமுறை என்கிறது. அப்படிப்பட்ட கூற்றை நம்பிச் செய்த ஒப்பந்தத்தை ஓராண்டுக்குள் அறிவிப்புக் கொடுத்து ரத்து செய்யக் கோரலாம். ஒப்பந்தத்தின் மொழியைப் புரிந்துகொள்ள இயலாத நிலையில் ஒருவர் இருந்தார் என்பதும் அந்தச் சட்டத்தில் கருத்தில் கொள்ளப்படும் ஒன்று. டீலர் மறுத்தால் அது வழக்காகலாம் என்பதையும், கடிதத்தில் உள்ள "வரை" என்ற சொல்லைத் தனக்குக் கேடயமாக அவர் பிடிப்பார் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஒன்டாரியோ சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவை வழியாக ஒரு வழக்கறிஞரிடம் 30 நிமிடம் வரை கட்டணமின்றிப் பேச முடியும்.

இப்போது செய்ய வேண்டியது இது. செவ்வாய்க்கிழமை வண்டியை எடுக்காதீர்கள், பழைய காரை ஒப்படைக்காதீர்கள். எடுத்துவிட்டால் பேரம் பேசும் பலம் பெரிதும் போய்விடும். இன்றிரவே பொது மேலாளருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். விளம்பர விலை இது, ஒப்பந்த விலை இது, கட்டாயம் என்று சொல்லி ஏற்றிய தொகை 2,485 என்று எழுதி, ஒப்பந்தத்தை ரத்து செய்து முன்பணத்தைத் திருப்பித் தருமாறு கேளுங்கள். தொலைபேசியில் அழைத்தால் பேசலாம், ஆனால் பேசியதை உடனே எழுத்தில் அனுப்பிவிடுங்கள். திங்கள் காலை ஓம்விக் என்னும் மாகாண வாகன விற்பனை ஒழுங்காற்று அமைப்பை அழையுங்கள். பணத்தைத் திருப்பித் தரும்படி உத்தரவிடும் அதிகாரம் அதற்கு இல்லை, ஆனால் புகாரை ஏற்று டீலரோடு சமரசம் பேசும், உரிமம் அதன் கையில் இருப்பதால் டீலர்கள் அதன் அழைப்பை மதிப்பார்கள்.

மார்க்கம் அம்மா:
மகளே, எட்டாவது மாதத்தில் அங்கே மணிக்கணக்கில் உட்காராதே. கணவரை அனுப்பு, கூடவே ஒருவர் போகட்டும்.

ஸ்காபரோ 94:
தங்கச்சி, நான் முதலில் உங்கள் கேள்வியை விட்டுவிட்டு என் கதையைச் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை எனக்கு வேலை இல்லை. உங்கள் கணவர் விரும்பினால் அவரோடு நான் வருகிறேன். தனியாகத் தகவல் அனுப்புங்கள்.

திருச்சிப்பெண்:
மின்னஞ்சல் அனுப்பிவிட்டோம். அரை மணி நேரத்தில் விற்பனையாளர் அழைத்து, கையெழுத்திட்டாயிற்று, ஒன்றும் செய்ய முடியாது, வேண்டுமானால் தொகுப்பை மட்டும் எடுத்துவிடுகிறேன் என்றார். நீங்கள் சொன்னபடி அதை அப்படியே எழுதி மேலாளருக்கு மறுபடி அனுப்பினோம். ஸ்காபரோ அண்ணா, திங்கள் காலை பத்து மணிக்கு என் கணவர் வருவார். ஒருவேளை ரத்து ஆகாமல் பழைய காரைக் கொடுத்தே தீர வேண்டும் என்றால் எதைக் கவனிக்க வேண்டும்?

நிதிமேசை:
அப்படி ஆனால், கடன் கொடுத்த வங்கியிடமிருந்து அந்த நாளுக்கான முழு மீதித் தொகையை எழுத்தில் வாங்குங்கள். டீலர் அதை அடைத்துவிட்டார் என்று வங்கி உறுதி சொல்லும் வரை பழைய தவணையை நிறுத்தாதீர்கள், தவறினால் உங்கள் கடன் வரலாற்றில்தான் கறை விழும். எண் தகடுகள் காருக்குரியவை அல்ல, உங்களுக்குரியவை, அவற்றைக் கழற்றி எடுத்து வாருங்கள். சுங்கச் சாலையான 407 நெடுஞ்சாலையின் கட்டணக் கருவி கண்ணாடியில் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் வேறொருவர் ஓட்டும் ஓட்டத்துக்கு உங்கள் வீட்டுக்கு ரசீது வரும்.