சிறிய அறையில் எச்.ஓ. ரயில் பாதை: எட்டுக்கு நான்கு பலகையா, சுவரோரப் பலகையா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். வீட்டில் 3 மீட்டர் நீளமும் 2.7 மீட்டர் அகலமும் உள்ள ஓர் அறை காலியாகியிருக்கிறது. சிறு வயதிலிருந்து மனத்தில் வைத்திருந்த மாதிரி ரயில் பாதையை எட்டு வயது மகளோடு சேர்ந்து அங்கே கட்டப் போகிறேன். எச்.ஓ. அளவில் (நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு) ஒரு டீசல் எஞ்சின், 30 சென்டிமீட்டர் நீளமுள்ள ஐந்து பயணிகள் பெட்டிகள், எட்டு சிறிய சரக்குப் பெட்டிகள், தொடக்கத் தொகுப்போடு வந்த வளைவுத் தண்டவாளங்கள் ஆகியவை கையில் இருக்கின்றன.

எட்டுக்கு நான்கு அடி பிளைவுட் பலகை ஒன்றை அறையின் மூலையில், இரண்டு சுவர்களையும் ஒட்டிப் போடலாம் என்பது என் திட்டம். பாதை எட்டு வடிவில் போகும். ஓரிடத்தில் தன்னையே மேலாகக் கடக்கும். பின்மூலையில் சுரங்கம், முன்பக்கம் நிலையம். தாளில் வரைந்தபோது எல்லாம் அடங்கிவிட்டது. ஆனால் தரையில் வளைவுகளை வட்டமாகப் பூட்டி ஓட்டிப் பார்த்தால், ரயிலைப் பின்னோக்கித் தள்ளும்போது பயணிகள் பெட்டிகள் தடம் புரள்கின்றன. முன்னோக்கி இழுத்தால் பெரும்பாலும் ஓடிவிடுகின்றன. குறை பெட்டியிலா, தண்டவாளத்திலா? மரம் வாங்குவதற்குமுன் வேறு எதையாவது மாற்ற வேண்டுமா? அறைக்கதவு வெளிப்பக்கம் திறக்கும்.

முதல் மறுமொழி

மரத்தை அறுப்பதற்குமுன் கேட்டுவிட்டீர்கள், மிகவும் நல்லது. நான் அறுத்த பிறகுதான் கேட்டேன். நீங்கள் வரைந்திருக்கும் பாதையை ஏறக்குறைய அப்படியே நான் கட்டினேன். இரண்டு ஆண்டு உழைப்பைப் பிரித்தெடுக்க ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமானதாக இருந்தது. அந்த நாள் உங்களுக்கு வரக் கூடாது என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் தடம் புரள்வது. தொகுப்போடு வரும் வளைவுகளின் ஆரம் பெரும்பாலும் 36 முதல் 46 சென்டிமீட்டருக்குள் இருக்கும். உங்கள் பெட்டியின் நீளம் 30. வளைவின் ஆரம் மிக நீளமான பெட்டியைப் போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும் என்பது இத்துறையில் பழகியவர்கள் வைத்திருக்கும் கணக்கு. இரண்டரை மடங்கு இருந்தால் கவலையில்லாமல் ஓடும். மூன்று மடங்கில் பார்க்கவும் அழகாக இருக்கும். அதாவது உங்களுக்கு 60, 75, 90 சென்டிமீட்டர். குறுகிய வளைவில் பெட்டிகளைத் தள்ளும்போது இணைப்பிகள் கோணலாக நின்று ஒவ்வொரு பெட்டியின் முனையையும் பக்கவாட்டில் நெருக்குகின்றன; சக்கரம் தண்டவாளத்தின் மேல் ஏறிவிடுகிறது. பெட்டியையும் தண்டவாளத்தையும் தனித்தனியே பார்த்தால் எதிலும் குறை இருக்காது. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை.

இப்போது உங்கள் பலகைக்கு வருவோம். நான்கடி என்பது 122 சென்டிமீட்டர். பாதி 61. விளிம்பிலிருந்து 5 சென்டிமீட்டராவது உள்ளே தள்ளிப் போட்டால்தான் கவிழும் எஞ்சின் தரைக்குப் போகாது. ஆக, அந்தப் பலகையில் போடக்கூடிய மிகப் பெரிய வளைவே 56 சென்டிமீட்டர்தான். நீங்கள் எப்படி வரைந்தாலும் அந்த ஐந்து பெட்டிகளுக்கு அது போதாது.

அடுத்து, மேலே ஏறிக் கடக்கும் பாதை. கீழே போகும் ரயிலுக்குத் தண்டவாளத்தின் மேல் ஏழரை சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். பாலத்தின் கனத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் ஏற வேண்டும். நூற்றுக்கு இரண்டு என்ற சரிவில் ஏற 5 மீட்டர், இறங்க 5 மீட்டர். உங்கள் பலகையின் ஓரமாக ஒரு முழுச் சுற்றுப் பாதை போட்டாலே மொத்தம் 6 மீட்டர்தான் வரும். எட்டு வடிவில் மடித்தாலும் பெரிதாகக் கூடிவிடாது. அப்படியானால் சரிவை இரட்டிப்பாக்க வேண்டும். வளைவிலேயே ஏறுவதால் இழுவை இன்னும் கடினமாகும். என்னுடைய எஞ்சின் மூன்று பெட்டிகளோடு பாதி ஏற்றத்தில் சக்கரம் வழுக்கி நின்றுவிட்டது.

மூன்றாவதாகச் சொல்வதுதான் என் பாதையை உண்மையில் முடித்துவைத்தது. மேசையின் மேல் குனிந்து கையை நீட்டி, ஒரு பெட்டியைத் தட்டாமல் எடுக்க முடிகிற தூரம் சுமார் 75 சென்டிமீட்டர். பலகையை மூலையில் தள்ளினால் பின்மூலை 1 மீட்டருக்கும் அப்பால் போய்விடும். எல்லோரும் சுரங்கத்தை வைப்பது அங்கேதான், ரயில் தடம் புரள்வதும் அங்கேதான். என் சுரங்கத்துக்குள் கவிழ்ந்த ஒரு பெட்டியை எடுக்கப் போய் நிலையத்தின் கூரையை முழங்கையால் நொறுக்கினேன். இரண்டாம் முறை அதே நடந்தபோது மனம் விட்டுப்போயிற்று.

ஆகவே என் கருத்தைத் தயங்காமல் சொல்கிறேன்: மேசை போடாதீர்கள். நான்கு சுவர்களையும் ஒட்டி 45 சென்டிமீட்டர் அகலத்தில் பலகை போடுங்கள், நீங்கள் நடுவில் நில்லுங்கள். மூலைகளில் மட்டும் முன்விளிம்பை வளைத்துக் கொஞ்சம் அகலமாக்கினால் 75 சென்டிமீட்டர் ஆரம் தாராளமாக அமையும், 2.7 மீட்டர் சுவரில்கூட இரண்டு வளைவுகள் போக ஒரு மீட்டருக்கு மேல் நேர்பாதை மிஞ்சும். எல்லா இடமும் கைக்கு எட்டும். வளைவின் உள்பக்கத்தில் நின்று பார்ப்பதால் நீளமான பெட்டிகள் முனை துருத்தாமல் அழகாகத் தெரியும். 1:87 கணக்கில் நிஜமான ஒரு கிலோமீட்டர் நமக்குப் பதினொன்றரை மீட்டர். இந்த அறையைச் சுற்றிவந்தால் அதில் முக்கால் கிலோமீட்டருக்கு மேல் உங்களுக்குக் கிடைக்கிறது.

வலப்பக்கம் வளைந்த பாதையை உடனே இடப்பக்கம் வளைக்காதீர்கள். இடையில் ஒரு பெட்டி நீளத்துக்காவது நேர்பாதை விடுங்கள். நிலையத்துக்குள் நுழையும் பாயிண்ட்களில் (பாதை இரண்டாகப் பிரியும் இடங்களில்) இந்தத் தவறு நம்மை அறியாமலே நடந்துவிடும்.

இன்னொன்று. முழுச் சுற்றும் முடிய மாதக்கணக்கில் ஆகும், எட்டு வயதுக் குழந்தையால் அவ்வளவு காத்திருக்க முடியாது. ஒரு சுவரில் ஒன்றரை மீட்டருக்கு முதலில் ஷன்டிங் யார்டு, அதாவது பெட்டிகளைப் பிரித்து மாற்றிக் கோக்கும் இடம், கட்டுங்கள். ஆலன் ரைட் வடிவமைத்த இங்கிள்நூக் என்ற அமைப்புக்கு இரண்டே பாயிண்ட்கள் போதும். மூன்று கிளைகள்: ஒன்றில் ஐந்து பெட்டிகள், மற்ற இரண்டில் மூன்று மூன்று. முன்பாதையில் எஞ்சினும் மூன்று பெட்டிகளும் நிற்க இடம். உங்களிடம் இருக்கும் எட்டுச் சரக்குப் பெட்டிகளுக்கு எட்டுச் சீட்டு எழுதிக் குலுக்கி ஐந்தை எடுங்கள். சீட்டு வந்த அதே வரிசையில் அந்த ஐந்தையும் கோத்து ரயிலாக நிறுத்த வேண்டும். 6,720 விதமான ரயில்கள் வரும். உங்கள் மகள் உங்களைவிட வேகமாகக் கற்றுக்கொள்வாள் என்று நினைக்கிறேன். பிறகு அதே யார்டைச் சுற்றுப்பாதையோடு இணைத்துவிடலாம், எதுவும் வீணாகாது.

இரண்டாம் மறுமொழி

மேலே எழுதியவரோடு ஓரிடத்தில் மாறுபடுகிறேன். எச்.ஓ.வைவிடச் சிறிய ‘என்’ (N) அளவுக்கு மாறினால் மேசையே போதும். 1:160, பாதை அகலம் 9 மில்லிமீட்டர். உங்கள் 30 சென்டிமீட்டர் பெட்டி அங்கே சுமார் 16 சென்டிமீட்டராகிவிடும். 40 சென்டிமீட்டர் வளைவில் நிம்மதியாக ஓடும். நான் பதினைந்து ஆண்டுகளாக ஒரு கதவின் அளவே உள்ள பலகையில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். சிறு விரல்களால் அந்தப் பெட்டிகளைத் தண்டவாளத்தில் ஏற்றுவது கடினம்தான், மறுக்கவில்லை. ஏற்கெனவே எச்.ஓ. வாங்கிவிட்டதால் நீங்கள் அதிலேயே தொடர்வீர்கள் என்றும் தெரிகிறது. இனித் தொடங்கப் போகும் வேறு யாராவது இதைப் படிப்பார்கள் என்பதற்காக எழுதினேன்.

மூன்றாம் மறுமொழி

மின்சாரத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. இரண்டு வயர்களை ஓரிடத்தில் கொடுத்துவிட்டு அறை முழுவதும் ஓடும் என்று நம்பாதீர்கள். தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்கும் இணைப்புத் தகடுகள் நாளாக ஆக நெகிழ்ந்துவிடும். எதிர்ச் சுவருக்குப் போகும்போது எஞ்சின் சோர்ந்துபோகும். பலகைக்கு அடியில் தடித்த வயர் இரண்டை முழுச் சுற்றுக்கும் கொண்டுபோய், மீட்டருக்கு ஒரு முறை மெல்லிய வயரால் தண்டவாளத்தில் சால்டர் செய்யுங்கள். உள்தண்டவாளத்துக்கு ஒரு நிறம், வெளித்தண்டவாளத்துக்கு ஒரு நிறம். கடைசிவரை அதை மாற்றக் கூடாது.

டி.சி.சி. முறையில் (தண்டவாளம் வழியாகவே எஞ்சினுக்கு டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை) ஓட்டுவதானால், ஒவ்வொரு மீட்டர் முடிந்ததும் ஒரு நாணயத்தை இரண்டு தண்டவாளங்களுக்கும் குறுக்கே வைத்துப் பாருங்கள். கட்டுப்பாட்டுப் பெட்டி உடனே மின்சாரத்தைத் துண்டித்தால் வயர் சரி. துண்டிக்காவிட்டால் அங்கே வயர் போதவில்லை என்று பொருள். அந்த நிலையில் எஞ்சின் தடம் புரண்டால் சக்கரம் சூடாகிப் பிளாஸ்டிக் உருகும். ரயிலைத் திருப்பிவிடும் வளையம் எங்காவது போட்டால் இடத் தண்டவாளம் போய் வலத் தண்டவாளத்தைத் தொட்டுவிடும். இரண்டு முனைகளிலும் பிளாஸ்டிக் இணைப்பு போட்டுப் பிரித்து, மின்முனைகளைத் தானாக மாற்றும் கருவியை நடுவில் வைக்க வேண்டும். அப்படிப் பிரித்த பகுதி உங்கள் மிக நீளமான ரயிலைவிடவும் நீளமாக இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. முதல் மறுமொழியைப் படித்த அன்று மாலையே மகளும் நானும் செய்தித்தாள்களை ஒட்டி 75 சென்டிமீட்டர் வளைவைத் தரையில் வரைந்தோம். மேசைத் திட்டத்தைக் கைவிட்டுவிட்டேன். யார்டுதான் முதலில்; சீட்டுகளை அவள் இப்போதே எழுதி முடித்துவிட்டாள். இரண்டு சந்தேகங்கள் மிச்சம், ஐயா. கதவுக்கு முன்னால் பாதை எப்படிப் போகும்? பலகையை எந்த உயரத்தில் வைப்பது? எனக்கு 120 சென்டிமீட்டர் வசதியாக இருக்கிறது; அவளுக்குத் தண்டவாளமே தெரியாது.

முதல் மறுமொழி எழுதியவர்

கதவுக்கு முன்னால் தூக்கி எடுக்கும் பாலம் வையுங்கள். அந்த இடத்தில் பாதை நேராக இருக்கட்டும். வளைவில் பாலத்தைச் சரியாகப் பொருத்துவது பெரும் பாடு. பாலத்தின் இரு பக்கமும் ஒவ்வொரு மீட்டர் பாதைக்கு வரும் மின்சாரம் பாலத்திலுள்ள பிளக் வழியாகவே போகும்படி செய்தால், பாலத்தை எடுத்ததும் அந்த இரண்டு மீட்டரிலும் எஞ்சின் நகராது. இதைப் பிறகு செய்யலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

உயரத்துக்கு 100 சென்டிமீட்டர் வையுங்கள். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்தால் ரயில் ஏறக்குறைய உங்கள் கண்ணுக்கு நேராக வரும். அவள் ஓர் அகலமான படி மீது நின்றால் எட்டும். நான்கு கால் ஸ்டூல் வேண்டாம், ஷன்டிங் மும்முரத்தில் பின்னால் நகர்ந்துவிடுவாள். பலகையைத் தாங்கும் முட்டுகளை ஆணியால் அறையாமல் திருகுகளால் பொருத்தினால், அவள் வளர வளரப் பலகையை உயர்த்திக்கொண்டே போகலாம். யார்டில் முதல் ரயில் கோத்ததும் படம் போடுங்கள்.