இடது பெடல் கழண்டு கழண்டு விழுது: வெல்டிங் அடிக்கிறதா, கிராங்க மாத்துறதா?

கல்லடிப்பொடியன்:
அக்காட மகள் கல்லடியில இருந்து பாலம் தாண்டி மட்டக்களப்பு டவுனுக்கு சைக்கிள்லதான் ஸ்கூல் போறவ. மூணு கிழமையில நாலு தரம் இடது பெடல் கழண்டுட்டு. நேத்து பாலத்துக்கு ஏறுற இடத்துல எழும்பி மிதிக்கக்குள்ள பெடல் அப்பிடியே காலோட வந்து புள்ள ரோட்டுல விழுந்து முழங்கால் தேய்ஞ்சு போச்சு, பின்னால வந்த ஆட்டோக்காரர் பிரேக் அடிச்சதால தப்பிச்சா. குடுக்கிற கடையில ஒவ்வொரு தரமும் இறுக்கித்தான் தாறாங்க, இப்ப பெடல கிராங்கோட, அதான் பெடல் பூட்டுற கையோட, வெல்டிங் அடிச்சு விடுவம் எண்டு சொல்றாங்க. அடிக்கலாமா?

வவுணதீவான்:
அடிங்க தம்பி, யோசிக்காதீங்க. என்ட பழைய சைக்கிள்ல இடது பெடல் இப்பிடித்தான் நிக்காம இருந்தது, துணி சுத்தினன், திரெட் டேப் சுத்தினன், ஒண்டும் சரிவரல்ல, கடைசியா ரெண்டு பொட்டு வெல்டிங் வச்சன். பத்து வருசமா அதுலதான் வட்டைக்குப் போறன், 50 கிலோ உரப்பை ஏத்திக்கிட்டு வரம்பால மிதிச்சு வந்திரிக்கன், ஒரு நாளும் கழரல்ல.

ஏறாவூர்க்காக்கா:
தம்பி அடிக்க வேணாம். வாப்பாட காலத்துல இருந்து சைக்கிள் கடைதான் நமக்கு. வவுணதீவு அண்ணன்ட சைக்கிள் இரும்புக் கிராங், அதுல வெல்டிங் பிடிக்கும். உங்கட புள்ளட சைக்கிள்ல கிராங் அலுமினியமா இருந்தா இரும்பு அச்ச அதோட வெல்டிங் பண்ணவே ஏலாது, காந்தத்த வச்சுப் பாருங்க, ஒட்டாட்டி அலுமினியம்தான். இரும்பா இருந்தாலும் அந்தச் சூட்டுல பெடலுக்குள்ள இரிக்கிற கிறீஸ் எரிஞ்சு போகும், நாளைக்கு உள்ளுக்கு இரிக்கிற போல் (உருளுற இரும்புக் குண்டு) தேய்ஞ்சா பெடல மட்டும் மாத்த ஏலாம கிராங்கோட வெட்டி எறியணும்.

மறுகா ஒண்டு, ஆட்டம் எங்க எண்டு முதல்ல பாருங்க. பெடல் அச்சு கிராங் ஓட்டைக்குள்ள ஆடுதா, இல்ல அச்சு நிக்க பெடல் மட்டும் ஆடுதா? ரெண்டாவதெண்டா உள்ளுக்கு கோன் (குண்டுகள அணைச்சுப் பிடிக்கிற நட்டு) இளகியிரிக்கி, கிராங்க எவ்வளவு இறுக்கியும் வேலை இல்ல. பழைய சைக்கிள்ல எண்டா கொட்டர் பின்னும் (கிராங்க நடு அச்சோட பிடிச்சு வைக்கிற ஆப்பு) இளகும், ஒவ்வொரு சுத்துக்கும் டக் டக் எண்டு காலுக்கு தெரியும், சனம் அதையும் பெடல் ஆட்டம் எண்டுதான் கொண்டு வருவாங்க.

வவுணதீவான்:
காக்கா, நீங்க சொல்றதெல்லாம் சரி, ஆனா இடது மட்டும் ஏன் கழருது? அதுல மறை (திரெட்) தலைகீழ்தானே, அதாலதான் கழருது. எல்லாத்தையும் போல வலது மறை போட்டிருந்தா ஏன் இந்தப் பிரச்சினை?

ஏறாவூர்க்காக்கா:
அது கழராம இருக்கத்தான் தலைகீழ் போட்டது. முந்தின சைக்கிள்ல ரெண்டு பக்கமும் ஒரே மறை, இடது பெடல் ஓட ஓட கழண்டு விழும். ஆகாயவிமானம் கண்டுபிடிச்ச ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடைதானே வச்சிருந்தாங்க, அவங்க 1900ல கழராத பெடல் எண்டு இடதுக்கு இடக்கை மறை (இடஞ்சுழியா சுத்தினா இறுகுறது) போட்டு வித்தாங்க.

கல்முனைப்பொறியியல்:
இதுல எனக்கு ஒரு சந்தேகம் காக்கா. முன்னுக்கு மிதிக்கக்குள்ள இடது பெடல் கிராங்கப் பார்க்க வலஞ்சுழியாத்தான் சுத்துது, உள்ளுக்கு போல் உரசுற உரசல் அச்சையும் அந்தப் பக்கம்தான் இழுக்கும். இடக்கை மறை வலஞ்சுழியா போனா கழரும். அப்ப வவுணதீவு அண்ணன் சொல்றதுதானே நியாயம்?

ஏறாவூர்க்காக்கா:
ஒரு பென்சில எடுங்க. கையப் பொத்தி அதுக்குள்ள கொஞ்சம் லூசா வச்சுக்கிட்டு, வெளிய நீட்டுற நுனிய மற்றக் கையால வட்டமா கொண்டு போங்க. நீங்க ஒரு பக்கம் சுத்த, பென்சில் கைக்குள்ள எதிர்ப்பக்கம் உருளும். கால்ட பாரம் அச்ச ஓட்டைட சுவர்ல அழுத்தி அழுத்தி சுத்துது, அதே உருளல்தான் இதுவும், உரசல விட இதுக்குத்தான் பலம் கூட. போல் நல்லா ஓடுற வரைக்கும் உரசல் கணக்கே இல்ல. ஆனா போல் துருப்பிடிச்சு இறுகிட்டா உங்கட கணக்கு வேலை செய்யும், பெடல் கழரும். அதால பெடல கையால சுத்திப் பாருங்க, கரகரெண்டு இழுத்தா பெடலையும் மாத்துங்க.

கல்முனைப்பொறியியல்:
இப்ப பென்சில வச்சுப் பார்த்தன். ஓம், எதிர்ப்பக்கம்தான் உருளுது. நான் சொன்னது பிழை.

கல்லடிப்பொடியன்:
காந்தம் ஒட்டல்ல. பெடல் நல்லாச் சுத்துது, ஆட்டம் ஓட்டைக்குள்ளதான். கழட்டிப் பார்த்தா மறையில வெள்ளி மாதிரி சீவல் ஒட்டியிரிக்கி, ஓட்டைட வாய் முட்டை வடிவத்துல தேய்ஞ்சிரிக்கி. அச்சு நுனியில L (இடது) எண்டு இரிக்கி.

ஏறாவூர்க்காக்கா:
அப்ப மறை தின்னு போச்சு. முதல் நாளே சரியா இறுக்காம ஓட விட்டதால வந்த வேலை, இல்லாட்டி ஆரோ L பெடலையும் R பெடலையும் பக்கம் மாத்திப் பூட்டப் பார்த்திரிக்காங்க. மெல்லிசா ஆடிக்கிட்டே மிதிச்சா இரும்பு அலுமினியத்த அரம் மாதிரி அராவிடும். இனி இறுக்கி பிரயோசனம் இல்ல. இடது கிராங்க மட்டும் மாத்துங்க, பழைய கிராங்குட பின்பக்கம் நீளம் அடிச்சிருப்பாங்க, 170 மில்லிமீட்டர் எண்டா 170தான் வேணும், கூடக் குறைய போட்டா புள்ளைக்கு முழங்கால் நோகும். பெடல் மறை 9/16 இஞ்சா எண்டும் பாருங்க, சின்னப் புள்ளைட சைக்கிள்ல அரை இஞ்சும் வரும், அரை இஞ்ச பெரிய ஓட்டைக்குள்ள டேப் சுத்திப் பூட்டினா ரெண்டு நாளைக்குத்தான்.

வவுணதீவான்:
புதுசு பூட்டக்குள்ள மறைக்கு லொக்டைட் (மறை இளகாம ஒட்டுற பசை) விடுங்க, கிறீஸ் பூச வேணாம். கிறீஸ் வழுக்கும்.

ஏறாவூர்க்காக்கா:
அண்ணன் இதுல நான் ஒத்துக்கமாட்டன். கல்லடி கடற்காத்து, உப்பு. இரும்பும் அலுமினியமும் ஒண்டோட ஒண்டு பிடிச்சுக்கிட்டா பைப் போட்டு நெம்பினாலும் வராது. பெடல் கழராம நிக்கிறது இறுக்குலதான், கிறீஸ் அதக் குறைக்காது.

வவுணதீவான்:
என்ட அனுபவத்துல லொக்டைட் போட்டது நிண்டது காக்கா. அவ்வளவுதான் சொல்லுவன். வெல்டிங் எண்டத மட்டும் வாபஸ் வாங்குறன், அலுமினியம் எண்டு தெரியாமச் சொல்லிட்டன்.

கல்லடிப்பொடியன்:
இண்டைக்கு வேற கடையில இடது கிராங் மாத்திட்டன், 170. கிறீஸ் பூசித்தான் பூட்டினது. முதல்ல விரலால நாலஞ்சு சுத்து போக விட்டு, பிறகு 15 மில்லிமீட்டர் சாவிய மேல பிடிச்சு முன் சில்லுப் பக்கம் தள்ளி இறுக்கினன், ரெண்டு பக்கமும் முன்னுக்குத் தள்ளினா இறுகும் எண்டு கடைக்காரர் காட்டித் தந்தார். மருமகளையே பிடிச்சு இறுக்க வச்சன். சனிக்கிழமை மறுகா ஒருக்கா சாவி போட்டுப் பார்ப்பன்.